படத்துக்குள் பூட்டிய எச்சரிக்கை

கையடக்கத் தொலைபேசியும் அதில் முகநூலும் வட்ஸ்அப்பும் வந்துவிட்டதால் மலையகத் தோட்டங்களின் மாற்றுத்திறனாளிகளும் தகவலில் மற்றவர்களுக்கு நிகராகிவிட்டனர் என்பது இன்று பலரும் ஐயமின்றி ஏற்கும் நம்பிக்கை. கருவி கைக்கு வந்ததையே தகவல் வந்ததாகக் கணக்கெழுதும் இந்த நம்பிக்கை, அப்புத்தளை வீதி பிரியும் பெரகலச் சந்தியைச் சூழ்ந்த சரிவுகளில் உயிராபத்தானதும் ஆகும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயன்களை மண் மூடிய கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டம் அங்கிருந்து தொலைவில் இல்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் விடுக்கிறது; சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். இத்தகைய அறிவித்தல்கள் சமூக ஊடகக் குழுக்களில் கைமாறும்போது பலவேளை படமாகவே கைமாறுகின்றன. விழிப்புலனற்றோர் நம்பியிருப்பதோ திரைவாசிப்பியை, அதாவது திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கும் மென்பொருளை. படத்துக்குள் இருக்கும் எழுத்து அதற்கு எழுத்தே அன்று. படத்தின் உள்ளடக்கத்தைச் சொல்லும் மாற்றுரையைப் பதிவிடுபவர் சேர்க்காவிட்டால், நிறமும் பிரதேசப் பெயரும் கேட்பவரை எட்டுவதில்லை. ஆவணம் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தாலோ நிலைமை கேலிக்கூத்தாகும்: ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்திய எழுத்துரு அது என்பதால், குரல் பொருளற்ற ஆங்கில எழுத்துகளை உளறும். செவிப்புலனற்றோருக்குக் குரற்பதிவாலும் துணையுரையற்ற காணொளியாலும் இதே கதிதான்.

முகநூல் 2016இல் படங்களைக் கணினியே விவரிக்கும் வசதியைக் கொண்டுவந்தது உண்மை. அது முதலில் ஆங்கிலத்தில் வந்தது; மரம், வானம், மனிதர் என்று பொருள்களை இனங்காண்பதற்கு உருவானதேயன்றி, பிரதேச செயலகப் பிரிவுகளின் பட்டியலை வாசிப்பதற்கு உருவானதன்று. இன்றைய செயலிகள் சில படத்திலுள்ள எழுத்தையும் பிரித்தெடுக்கக்கூடும்; ஆயினும் அதற்கேற்ற தொலைபேசியும் சமிக்ஞையும் அடைமழை நாளில் லயன் அறைக்குள் இருக்குமென்று எவரும் உறுதியளிக்க முடியாது.

வீட்டில் யாராவது வாசித்துக் காட்டமாட்டார்களா என்பது இந்த நம்பிக்கையின் கடைசி அரண். கொழுந்து பறிப்போர் மலையிலும் பிள்ளைகள் பாடசாலையிலும் இருக்கும் பகற்பொழுதில் அந்த ‘யாராவது’ எவர் என்று இதைச் சொல்வோர் கேட்டுக்கொள்வதில்லை. தனக்கு வந்த கடிதத்தையும் கடன் விபரத்தையும் அயலார் வாய்வழியே கேட்க நேர்வதிலுள்ள இழிவும் அவர்களுக்குத் தோன்றுவதில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பேசுகிறது. 2016இல் இலங்கை ஏற்புறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 9ஆம் உறுப்புரை தகவலை அணுகும் வசதியையும் 11ஆம் உறுப்புரை அனர்த்தகாலப் பாதுகாப்பையும் அரசின் கடமையாக்குகின்றன. அயலாரின் தயவு அவற்றில் எங்கும் கணக்கிடப்படவில்லை.

செலவைக் காரணம் காட்டுவதும் எடுபடாது. படமாவதற்கு முன் அந்த அறிவித்தல் யாரோ தட்டச்சு செய்த எழுத்தாகவே இருந்தது. அதே எழுத்தைப் படத்தின் கீழ் ஒட்டுவதற்குத் தனி நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை, பாமினியில் இருந்தால் ஒருங்குறிக்கு மாற்றும் சில நிமிட வேலை மட்டுமே மிஞ்சும்.