ஏழு நாய்களும் ஒரு கூலிங்கிளாஸும்

அமிர்தி அருவியைப் பார்க்க வருகிறவர்களில் எத்தனை பேருக்குச் சவ்வாது மலையின் இந்தக் கதை தெரியும்? 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பில், மலையாளிப் பழங்குடிகளின் தோற்றக் கதையாக அது பதிவாகியிருக்கிறது.

கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர்களிடம் பெண் கேட்கிறார்கள். ஏளனம்தான் பதில். கோபத்தில் வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிச் செல்கிறார்கள். மீட்கக் கிளம்பிய ஏழு ஆண்கள், "நாய்கள் மட்டும் திரும்பினால் எங்களுக்குக் கருமாதி செய்துவிடுங்கள்" என்று மனைவியரிடம் சொல்லிப் போகிறார்கள். பாலாற்று வெள்ளத்தில் நாய்கள் பாதியிலேயே திரும்பிவிடுகின்றன. வேடர்களைக் கொன்றுவிட்டு ஆண்கள் ஊருக்கு வந்தால், கருமாதி முடிந்து மனைவியர் விதவைகளாகியிருக்கிறார்கள். உயிரோடு வந்தவர்களைச் சாதி சேர்க்கவில்லை. கடைசியில் அவர்களே வேடர் பெண்களைக் கட்டிக்கொண்டு மலையேறினார்களாம்.

கதையாகவே இருக்கட்டும். சாதி மானத்துக்காகக் கொலை செய்தவனையே சாதி பிணமாக்கி வெளியே தள்ளியது என்று அது சொல்கிறது. மீட்கப்பட்ட ஏழு பெண்கள் என்ன ஆனார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர்களிடம் யாரும் எதையும் கேட்டதாகவும் இல்லை.

இன்றைக்கும் கேட்பதில்லை. மலைக்குத் தென்மேற்கே தருமபுரியில், 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனியும் அதன் பக்கத்துக் காலனிகளும் எரிந்தன. திவ்யா தானே விரும்பி இளவரசனை மணந்ததுதான் காரணம். அடுத்த மாதங்களில் பாமக நிறுவனர் ராமதாஸ் ஊர் ஊராகப் பேசினார்: ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங்கிளாஸும் போட்டு நம் பெண்களை மயக்குகிறார்களாம், எல்லாம் 'நாடகக் காதலாம்'. 2013 ஜூலை 4 அன்று இளவரசன் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தார்.

ஒரு கூலிங்கிளாஸைப் பார்த்து இவ்வளவு பயமா? அதைப் போட்டிருப்பவன் படித்திருக்கிறான் என்பதுதான் பயம். 2003இல் விஷம் ஊற்றிக் கொல்லப்பட்ட முருகேசன் பொறியியல் பட்டதாரி. 2015இல் கோகுல்ராஜும் பொறியியல் பட்டதாரி. 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டப்பட்ட சங்கர் பொறியியல் மாணவர். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ், மென்பொருள் பொறியாளர். அப்பன் காலத்தில் தன் வீட்டு வாசலில் கைகட்டி நின்றவனின் மகன் மடிக்கணினியோடு பேருந்து ஏறுகிறான். விவசாயம் படுத்து, வேலையும் கிடைக்காமல் கிடக்கும் ஆதிக்கசாதி இளைஞனுக்கு அதிகாரம் செலுத்த மிச்சமிருப்பவள் தங்கை ஒருத்திதான். அவளும் தன் விருப்பப்படி ஒருவனைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இவன் யார்? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாதவன்தான் அரிவாளை எடுக்கிறான். அதைக் கையில் கொடுக்கும் தலைவர்களின் பிள்ளைகள் மட்டும் பத்திரமாக இருக்கிறார்கள்.

நம் தெருவையும் விட்டுவிட வேண்டாம். பறையர் வீட்டுப் பெண் அருந்ததியர் பையனைக் கட்டுகிறேன் என்றால் நம் அண்ணன்மார் முகம் எப்படிச் சுருங்குகிறது என்று பாருங்கள். பெண்ணைக் கட்டுக்குள் வைத்துத்தான் சாதி பிழைக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் எழுதியது 1916இல். மேடையில் அவர் படத்துக்கு மாலை போடுகிறவர்கள் வீட்டிலும் அதைப் படிக்கலாம்.

2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே உத்தரவிட்டது. மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர், சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் கொண்ட சிறப்புப் பிரிவும், 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்றது. அமிர்திக்கு ஜோடியாக வரும் பிள்ளைகள் யாருக்காவது அந்த எண் தெரியுமா? வேலூர் மாவட்ட நிர்வாகம் அதைப் பேருந்து நிலையச் சுவரில் எழுதி வைக்கட்டும். பூங்கா வாசலிலும் எழுதட்டும், பெரிய எழுத்தில்.