திருத்துங்கள், தீட்டுக் கழிக்காதீர்கள்

கடலூர் மாவட்டத்துத் தங்கை ஒருத்தி நாவல் எழுதியிருக்கிறாள். கையெழுத்தில் 412 பக்கம். ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினாள். எட்டு மாதம் கழித்து, முதல் மூன்று அத்தியாயங்களைத் திருத்தி, "முழுவதையும் இப்படிச் சரிசெய்து அனுப்பினால் பரிசீலிக்கிறோம்" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தத் தாள்களை என் முன்னால் வைத்துவிட்டு, "எனக்குத் தமிழ் தெரியாதாக்கா?" என்று கேட்டாள்.

என்ன திருத்தினார்கள்? மூன்றை மட்டும் சொல்கிறேன்.

அவள் எழுதியது: "நாங்க ஊருக்குள்ள செருப்பு போட்டுப் போவக் கூடாது." திருத்தியது: "நாங்கள் கிராமத்திற்குள் காலணி அணிந்து செல்லக் கூடாது." பேச்சு எழுத்தானது மட்டுமா? ஊர் வேறு, காலனி வேறு. இது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் 'ஊர்' என்றால் அதில் அவள் வீடு இல்லை. 'கிராமம்' என்றால் எல்லோர் வீடும் அதில் அடக்கம். ஒரே ஒரு சொல்லை மாற்றி, நடுவில் கிடந்த சாதிக் கோட்டை அழித்துவிட்டார்கள். நிஜத்தில் அழியாத கோடு காகிதத்தில் மட்டும் அழிந்துவிட்டது.

இரண்டாவது. பத்து வயதுப் பையன் ஒருவன் அறுபது வயதுத் தாத்தாவை "டேய், அப்பா உன்ன வரச் சொன்னாரு" என்று கூப்பிடுகிறான். ஓரத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு: "மூத்தவரை ஒருமையில்? பிழையா?" பிழைதான் ஐயா. ஆனால் எழுத்துப் பிழை இல்லை. அந்தப் பிழையைக் காட்டத்தான் அவள் நாவலே எழுதினாள்.

மூன்றாவது. 'மல்லாட்டை' எல்லாம் 'நிலக்கடலை' ஆகியிருந்தது. வாசகருக்குப் புரியாதாம். எந்த வாசகருக்கு? கி.ரா. 1982-இல் கரிசல் வழக்குக்கு அகராதியே போட்டார். கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். அக்கிரகாரத்துப் பேச்சு பக்கம் பக்கமாக அச்சில் வந்தபோது யாரும் "வாசகருக்குப் புரியுமா?" என்று கேட்டதாகத் தெரியவில்லை. மற்றவர் பேச்சு மண்வாசனை, காலனிப் பேச்சு மட்டும் கொச்சையா? 1992-இல் பாமாவின் 'கருக்கு' இந்தக் கேள்விக்கு முழுப் புத்தகமாகப் பதில் சொன்னது. இத்தனை வருடம் கழித்தும் அதே பென்சில் கீழே விழவில்லை.

இங்கேயே முடித்தால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் நமக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

"எங்கள் எழுத்தில் யாரும் கை வைக்காதே" என்கிற தோழர்கள் நம்மில் உண்டு. நான் உடன்படவில்லை. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-இல் க்ரியாவில் வந்தது. க்ரியா ராமகிருஷ்ணனின் எடிட்டிங் எவ்வளவு கறாரானது என்பது தமிழ்ப் பதிப்புலகம் அறிந்தது. அந்த மேசையைத் தாண்டி வந்த ஆரோக்கியம் தன் பேச்சை இழக்கவில்லை. நல்ல எடிட்டிங் மரியாதையின் இன்னொரு பெயர். "அனுபவம் அப்பா, அப்படியே போடு" என்று நம் எழுத்தைத் தட்டிக்கொடுத்து அச்சடிப்பதில் மரியாதை இல்லை. உன்னிடம் கலையை எதிர்பார்க்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

ஆகவே நாங்களே உட்கார்ந்தோம். ஏழு மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில், மாலை வகுப்பு நடக்கும் சமுதாயக் கூடத்தில். சுகமான வேலை இல்லை. ஒரு பத்தியை வெட்டச் சொன்னால் இரண்டு வாரம் போன் எடுக்க மாட்டாள். ஒரு சொல்லுக்காக ஒரு மாலை முழுக்கப் போகும்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். கூலியைக் குறைத்துக் கொடுத்த ஆண்டையின் முன் பாட்டி அமைதியாக நிற்கும் காட்சி ஒன்று. "இங்கே கோபம் எங்கே? பாட்டி கேள்வி கேட்கட்டும்" என்று ஓரத்தில் எழுதினேன். சமூகவியல் படித்த கை அல்லவா! அவள் சொன்னாள்: "எங்க பாட்டி அப்படிப் பேசாதுக்கா. மறுநாள் வேலைக்குப் போவாது. அவ்ளோதான்." எனக்குச் சுருக்கென்றது. பதிப்பகத்துக்காரர் பாட்டிக்கு நல்ல தமிழ் கொடுத்தார். நான் பாட்டிக்கு மேடைப் பேச்சு கொடுக்கப் பார்த்தேன். இரண்டு பேருமே பாட்டி பேசுவதைக் கேட்கவில்லை. அந்தக் குறிப்பை நானே அடித்தேன். அவளும் தன் பங்குக்கு, பூனா ஒப்பந்தத்தை விளக்கும் ஒன்பது பக்கங்களை வெட்டினாள். கதை மூச்சு விட்டது.

பலன் என்ன? சின்னதுதான். மல்லாட்டை ஆயும் காட்சியை ஒரு நாள் நூறுநாள் வேலைப் பெண்களுக்கு வாசித்துக் காட்டினோம். ஒரு அம்மா குறுக்கிட்டார்: "அப்பல்லாம் ஏதும்மா காசு? ஆய்ஞ்சதுல பங்குதான். அளக்கறப்பதான் ஏமாத்துவான்." பத்து வரைவில் கிடைக்காத காட்சி அந்த ஒரு வரியில் கிடைத்தது. தங்கை அன்றிரவே எழுதினாள். அளக்கும் மரக்காலையே பார்த்துக்கொண்டு நிற்கும் பாட்டி இப்போது பேசாமலே எல்லாம் சொல்கிறாள். அந்த அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். இந்த நாவலின் சிறந்த எடிட்டர் அவர்தான்.

மாணவத் தோழர்களே, எழுத மட்டும் கற்றுக்கொண்டால் போதாது. எடிட்டிங்கும் கற்றுக்கொள்ளுங்கள். நண்பரின் கதையைச் சத்தமாக வாசியுங்கள், யாரைப் பற்றிய கதையோ அவர்களுக்கே வாசியுங்கள். அடிப்பதற்கு முன் ஓரத்தில் கேள்வி எழுதுங்கள். பதில் வரும்வரை பொறுங்கள். பதிப்பகங்களிடமும் கேளுங்கள்: தலித் எழுத்தாளர்களின் புத்தகங்களை வரிசையாகப் போடுகிறீர்களே, எடிட்டர் நாற்காலியில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர்?

412 பக்கம் இப்போது 290. வேறொரு பதிப்பகத்துக்குப் போன வாரம் அனுப்பினோம். எடுத்துக்கொள்ளலாம், திருப்பியும் அனுப்பலாம். கறாராகத் திருத்தட்டும், உட்கார்ந்து பேசத் தயார். ஆனால் 'ஊர்' என்ற சொல் மட்டும் ஊராகவே இருக்கும்.

ஜெய் பீம்!