எடை குறைந்த பிறகு

எடை குறைக்க வந்தவர்களின் கேஸ் ஷீட்டுகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் மூன்று மாதம் வாராவாரம் எடை, இடுப்புச் சுற்றளவு, முந்தின நாள் சாப்பிட்டவை என்று வரிவரியாகப் பதிவு. ஐந்தாம் மாதம் எடை ஓரிடத்தில் நிற்கும். ஆறாம் மாதம் ‘இப்படியே தொடரவும்’ என்று ஒரு வரி. அதன்பின் தாள் காலி. ஒன்றரை வருடம் கழித்து அவர் பழைய எடையோடு திரும்பி வந்து, “டயட்டை விட்டுட்டேன் மேடம்” என்று தலைகுனிகிறார். நாமும் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதிப் புது ஷீட் போடுகிறோம்.

அந்தக் குறிப்பை உடலியல் ஆதரிக்கவில்லை. மெல்போர்னில் 50 பேரை வைத்து நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். ஓராண்டுக்குப் பிறகும் பசியை அடக்கும் ஹார்மோனான லெப்டின் தாழ்ந்தும், பசியைத் தூண்டும் கிரெலின் உயர்ந்தும் இருந்தன. பசியும் கூடியே இருந்தது. அமெரிக்காவில் கெவின் ஹால் குழுவின் மதிப்பீட்டின்படி, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கிலோகலோரி வரை இறங்குகிறது; பசியோ சுமார் 100 கிலோகலோரி ஏறுகிறது. பத்து கிலோ குறைத்தவருக்கு இதைப் பெருக்கிப் பார்த்தால், ஐந்தாம் மாதம் எடை ஏன் நின்றது என்பது விளங்கும். அவர் திருட்டுத்தனமாகச் சாப்பிட்டார் என்று சந்தேகிக்க வேண்டியதில்லை.

ஆனால் நம் கருத்தரங்குகளில் பேச்செல்லாம் எந்த டயட் சிறந்தது என்பதைப் பற்றித்தான். பேலியோவா, விட்டுவிட்டு உண்ணாநோன்பா, சிறுதானியமா? ஸ்டான்ஃபோர்டில் 609 பேரிடம் ஓராண்டு நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இறங்கினார்கள். புள்ளியியல்படி இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஒவ்வொரு குழுவுக்குள்ளும் ஏராளமாகக் குறைத்தவர்களும் இருந்தார்கள், ஏறியவர்களும் இருந்தார்கள். ஆகவே கேட்க வேண்டியது, இந்த உணவை இவர் மூன்று வருடம் கழித்தும் சமைத்துச் சாப்பிடுவாரா என்பதைத்தான்.

நாம் கொடுக்கும் அச்சடித்த சார்ட்டை எடுத்துக்கொள்வோம். காலையில் ஓட்ஸ், மதியம் ஒரு கப் பழுப்பரிசிச் சோறு, இரவு ஏழு மணிக்குச் சூப்பும் சாலடும். அதை வாங்கிப்போகும் பெண் வேலை முடிந்து வீடு சேரவே எட்டு மணி ஆகிறது. நாலு பேருக்குத் தோசை ஊற்றிவிட்டு, கடைசியில் மிஞ்சிய மாவில் தனக்கு ஊற்றிக்கொள்கிறார். தனக்கென்று தனிச் சமையல் மூன்று மாதம் ஓடும். அதற்கு மேல் ஓடாது. அதே அடுப்பில் தோசையை இரண்டோடு நிறுத்தி, சாம்பாரில் பருப்பையும் காயையும் கூட்டி, ஒரு முட்டையோ கொஞ்சம் சுண்டலோ சேர்க்கச் சொன்னால் அவருக்கு அது பழக்கமாகிவிடும். நம் நாட்டு உணவில் ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இன்டியாப் ஆய்வு காட்டியிருக்கிறது. அதனால் இந்தச் சின்ன மாற்றமும் வீண்போகாது.

இரத்த அழுத்தம் 130-க்கு இறங்கியதும் மாத்திரையை நிறுத்திவிட்டு, ‘இனி உங்கள் பொறுப்பு’ என்று யாரும் அனுப்புவதில்லை. எடை விஷயத்தில் மட்டும் அப்படித்தான் செய்கிறோம். எடை குறைக்கும் செமாக்ளூடைடு ஊசியை நிறுத்தியவர்கள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் திரும்பப் பெற்றதை ஸ்டெப் ஆய்வின் தொடர்ச்சியில் பார்த்தோம். வழி ஊசியானாலும் உணவானாலும், சிகிச்சை நின்றால் எடை திரும்புகிறது.

சர்க்கரை நோயாளிகளின் எடையைக் குறைத்துப் பார்த்த பிரிட்டனின் டைரெக்ட் ஆய்வு இதை முன்கூட்டியே கணக்கில் எடுத்தது. குறைப்புக் கட்டம் முடிந்தபின்னும் மாதாமாதம் சந்திப்பு, எடை மீண்டும் ஏறினால் என்ன செய்வது என்று முதலிலேயே வகுத்த மீட்புத் திட்டம் இரண்டும் அதில் இருந்தன. அப்படியும் சர்க்கரை நோய் தணிந்தவர்கள் முதலாண்டில் 46 விழுக்காடு, இரண்டாம் ஆண்டில் 36 விழுக்காடு. இத்தனை ஆதரவோடும் சறுக்கல் உண்டென்றால், எந்த ஆதரவும் இல்லாமல் நாம் வீட்டுக்கு அனுப்பியவர்களைக் குறைசொல்ல நமக்கு என்ன தகுதி?

நடைமுறையில் சில மாற்றங்கள் போதும். காக்கும் கட்டத்துக்கான தேதிகளை முதல் நாளே ஷீட்டில் எழுதுவோம். கட்டணத் தொகுப்பை மூன்று மாதத்துக்கு வாங்காமல், அதே சந்திப்புகளை இரண்டு வருடத்துக்குப் பரப்புவோம். இரண்டு கிலோ ஏறினால் திட்டுக்குப் பயப்படாமல் போன் செய்யச் சொல்வோம். எடைக்கருவியை மட்டும் நம்பவும் வேண்டாம். டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு சென்னையில் 531 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், எடை குறிப்பிடும்படி குறையாமலேயே, வாழ்க்கைமுறை மாற்றம் சர்க்கரை நோய் அபாயத்தை 28.5 விழுக்காடு குறைத்தது. முள் இறங்காத மாதத்திலும் நடையும் தட்டும் பலன் தருகின்றன என்று நோயாளிக்குச் சொல்ல, நம் ஊரிலேயே சான்று இருக்கிறது.

கடைசியாக, வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் ‘முன்பு, பின்பு’ படங்கள். அந்தப் ‘பின்பு’ பெரும்பாலும் மூன்றாம் மாதத்தில் எடுத்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் எத்தனை பேர் குறைத்த எடையைக் காத்தார்கள் என்ற எண்ணிக்கையை ஒவ்வொரு மையமும் பதிவு செய்யத் தொடங்கட்டும். தொடக்கத்தில் அது சின்ன எண்ணாகத்தான் இருக்கும். நம் தொழிலை அளக்கச் சரியான எண் அதுதான்.