கட்டணத்துக்குள் என்ன அடங்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறிய சொகுசுக் கப்பல்கள் பற்றிய உங்கள் கட்டுரை கட்டணங்களை மட்டுமே ஒப்பிட்டிருந்தது. அந்தக் கட்டணத்துக்குள் என்னென்ன அடங்கும் என்பதல்லவா முதல் கேள்வி? சீபோர்ன் நிறுவனக் கப்பல்களில் மது வகைகளும் பணியாளர்களுக்கான டிப்ஸும் அதிலேயே சேர்த்தி. விண்ட்ஸ்டார் நிறுவனத்தின் அடிப்படைக் கட்டணத்தில் இரண்டுமே சேராது. மலிவாகத் தெரிந்தது கடைசி பில்லில் ஏறிவிடும்.

வைக்கிங் நிறுவனத்தின் கடல் கப்பல்களில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இடமில்லை. பேரப்பிள்ளைகளோடு போக நினைப்பவர்கள் முன்பணம் கட்டுமுன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

விண்ட்ஸ்டார் நிறுவனத்தின், சுமார் 150 பேர் மட்டுமே செல்லும் 'விண்ட் ஸ்டார்' பாய்மரக் கப்பல், பெரிய கப்பல்கள் நெருங்க முடியாத துறைமுகங்களுக்குள் நுழையும். எனக்கு அதுவே பெரிய ஈர்ப்பு. ஆனால் கடல் கொந்தளித்தால் ஆட்டமும் அதிகம். பிரம்மாண்ட மேடை நிகழ்ச்சிகளும் கிடையாது. பயண முகவர்கள் இவற்றை முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் தர வேண்டும்.

- ஒரு வாசகர்