அலிகேட்ஸ் யார் வீட்டுப் பிள்ளைகள்?



பட்டர்வொர்த்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். கித்தார் வாசிக்கிறாராம். பாட்டைத் தானே எழுதி, மெட்டமைத்து, தானே பாடுகிறார். சினிமாப் பாட்டின் சாயல் இருக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறார். ஆல்டர்நேட்டிவ் ராக் என்று அதற்குப் பெயர். வீட்டில் யாரும் தடுக்கவில்லை, ஆனால் பாட்டி மட்டும், "வெள்ளைக்காரன் கூத்து நமக்கு எதுக்கும்மா?" என்கிறாராம். பேத்தி நம்மிடம் கேட்கிறார்: "நம்ம பினாங்குல தமிழர்கள் யாராவது இந்தப் பக்கம் போயிருக்காங்களா?"

போயிருக்கிறார்கள் அம்மா. உங்கள் பாட்டிக்கு இளவயதாக இருந்தபோதே போய், நாடு முழுக்கப் பேர் வாங்கியிருக்கிறார்கள். 'சென்யும்லா கோலாலம்பூர்' என்ற பாட்டைக் கேட்டுப் பாருங்கள். தலைநகரைச் சிரிக்கச் சொல்லிப் பாடிய அந்தக் குழு பினாங்கில் பிறந்தது. (நம் ஊருக்கு அப்படி ஒரு பாட்டு பாடாமல் கோலாலம்பூருக்குக் கொடுத்துவிட்டார்களே என்கிற மனக்குறை எனக்கு இன்னும் தீரவில்லை.) குழுவின் பெயர் அலிகேட்ஸ். முன்னால் நின்று பாடியவர்கள் டேவிட் ஆறுமுகமும் அவர் தம்பி லோகநாதன் ஆறுமுகமும். லோகா என்றால் மலாய்க் கம்பத்திலும் தெரியும், சீனர் காப்பிக்கடையிலும் தெரியும்.

அவர்கள் கித்தார் எடுத்த 1960களின் கடைசி, பினாங்குக்கு நல்ல காலம் இல்லை. வரியில்லாத் துறைமுகம் என்ற சலுகை 1969இல் பறிபோனது. துறைமுகத்தை நம்பியிருந்த குடும்பங்களில் வேலை இல்லாத திண்டாட்டம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் எழும்பி ஆள் எடுக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இன்னொரு பக்கம், பட்டர்வொர்த் விமானத் தளத்தில் ஆஸ்திரேலியப் படையினர் குடும்பத்தோடு தங்கியிருந்தார்கள். வியட்நாம் போரிலிருந்து ஓய்வுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்களும் இங்கே இறங்கினார்கள். அவர்கள் கையில் காசு இருந்தது, மாலைப் பொழுது இருந்தது. ஓட்டல்களும் இரவு விடுதிகளும் பேண்டு தேடின. கேட்டதை அச்சு அசலாக வாசிக்கத் தெரிந்த இளைஞனுக்கு வேலை இருந்தது. ராக் இசை நம் பிள்ளைகளுக்கு வந்தது பாதி ஆசையாலும் பாதி பிழைப்பாலும்தான் என்று நினைக்கிறேன். பாட்டிகளிடம் விளக்கும்போது பிழைப்பு என்ற சொல்லை முதலில் சொல்லிப் பாருங்கள், சட்டென்று புரியும்.

இசை இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. பாடகர் பி. ராம்லி 1929இல் இங்கே பிறந்தவர். ஜிம்மி பாயில் என்ற யூரேசியர் இங்கிருந்து ஜாஸ் பியானோ வாசித்தார், மலாய் தேசபக்திப் பாடல்களும் அமைத்தார். சாக்சபோன் கலைஞர் அகமது நவாப் பினாங்கில் பிறந்து நாட்டின் பெரிய இசையமைப்பாளர்களில் ஒருவரானார். இந்த வரிசைக்கு நடுவே 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்தார்கள். அதன்பிறகு பீட்டில்ஸ் அலை. மலாய் இளைஞர்கள் மின்கித்தாரோடு பாடிய 'பாப் யே யே' இசை நாட்டையே பிடித்துக்கொண்டது. அதில் அடிபட்டவர்களில் பி. ராம்லியும் ஒருவர். கித்தார் கேட்டுப் பழகிய காதுகளுக்கு அவர் பாட்டு பழசாகத் தெரிந்தது. 1973இல் அவர் மறைந்தபோது கைவிடப்பட்ட மனிதராகத்தான் மறைந்தார். இன்று அவர் பிறந்த வீட்டைச் செப்பனிட்டுக் காட்சியகமாக வைத்திருக்கிறோம், தெருவுக்கும் அவர் பெயர்தான். உயிரோடு இருந்தபோது செய்யாததை எல்லாம் பிறகு செய்வது நம் நாட்டுப் பழக்கம்.

அலிகேட்ஸ் 1970களில் ஹாங்காங் போனது. ஆசிய ஓட்டல் மேடைகளில் அப்போது பிலிப்பினோ பேண்டுகளின் ராஜ்ஜியம். அவர்களோடு போட்டி போட்டு, இரவுக்கு இரவு ஆங்கிலப் பாட்டாக வாசித்துக் கை தேர்ந்தார்கள். இரவு விடுதியில் வாசிக்கிறவனுக்கு அது ஒரு பள்ளிக்கூடம். கூட்டம் கேட்கிறதா இல்லையா என்பது அடுத்த நிமிடமே தெரிந்துவிடும். ஊர் திரும்பி மலாயில் பாடத் தொடங்கினார்கள். 1970களின் கடைசியிலிருந்து 1980கள் முழுக்க அவர்கள் கொடி பறந்தது. 'ஹிங்கா அக்கிர் நந்தி', 'அண்டைன்யா அக்கு பெர்கி டுலு', 'செகுந்தும் மாவார் மேரா செபுவா புயிசி' போன்ற பாடல்களைக் கேட்காமல் அந்தக் காலத்தில் மலேசியாவில் ஒரு பேருந்துப் பயணம் போயிருக்க முடியாது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து பாடும்போது இரண்டு குரலும் உரசாமல் போகும். கூடப் பிறந்தவர்கள் பாடினால் மட்டும் கிடைக்கிற ஒத்திசைவு அது. டேவிட்டின் குரலில் ஒரு கனம் உண்டு. லோகாவிடம் சோகத்தை அலட்டாமல் சொல்கிற குணம் உண்டு. எனக்கு லோகாவைத்தான் பிடிக்கும். டேவிட் ரசிகர்கள் மன்னிக்கவும்.

அவர்கள் தலைமுடியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அந்தத் தலைமுறை வாசகர்கள் என்னை விடமாட்டார்கள். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் 'அஃப்ரோ' முடி. மற்ற பேண்டுக்காரர்கள் சலூனில் காசு கொடுத்துச் சுருட்டிக்கொண்டார்கள், நம்மவர்களுக்கு ஒரு சீப்பு போதும். ஆல்பம் அட்டையில் முகம் சின்னதாகவும் முடி பெரியதாகவும் இருக்கும். வேடிக்கை இல்லை, அந்தக் காலத்தில் முடி என்பது அரசாங்கம் தலையிடுகிற விஷயம். பிறகு 1992இல் நீண்ட முடி வைத்த ராக் பாடகர்களுக்கு அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்.டி.எம். கதவைச் சாத்தியதும், 'சர்ச்' குழுவின் ஏமி முடி வெட்டிக்கொண்டதும் பலருக்கு நினைவிருக்கும்.

சரி, இவ்வளவு பெரிய புகழ் பெற்றவர்களை நம் தமிழ் வீடுகள் எப்படிப் பார்த்தன? இதைத்தான் இந்த மாதம் உங்களோடு பேச நினைத்தேன். வானொலியின் தமிழ் ஒலிபரப்பில் வந்தால் நம்ம பாட்டு, மலாய் ஒலிபரப்பில் வந்தால் அவங்க பாட்டு என்று நாம் பிரித்து வைத்திருந்தோம். கோவில் திருவிழா மேடைக்கும் கல்யாணத்துக்கும் சினிமாப் பாட்டு வாசிக்கிற இசைக்குழுதான் வரும். ஆறுமுகம் என்ற பெயரைத் தாங்கிய இருவர் நாட்டின் முன்வரிசைப் பாடகர்களாக நின்றபோது, பெருமைப்பட்டோம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெருமை "நம்ம ஆள் ஒருத்தர் டாக்டராயிட்டார்" என்கிற மாதிரிப் பெருமை. அவர்கள் பாட்டில் என்ன புதுசு, எப்படி வாசித்தார்கள், யாரிடம் கற்றார்கள் என்று தமிழில் எழுதி வைத்தவர்கள் குறைவு. தமிழில் பாடினால்தான் தமிழ்ப் பாடகன் என்ற கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. மலாய்க்காரர்கள் அவர்களைத் தங்கள் பாடகர்களாக ஏற்றுக்கொண்டதற்கு வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்பது தடையாக இருக்கவில்லை. நமக்கு மட்டும் எதற்குத் தடை?

வெளிநாட்டிலும் ராக் பாடிய தமிழர்கள் உண்டு. லண்டனில் 1973இல் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர் சுசீலா ராமன். பதின்வயதிலேயே சிட்னியில் ராக் பாடியவர். 2001இல் வந்த அவருடைய முதல் ஆல்பமான 'சால்ட் ரெய்ன்' பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தது. ஆங்கிலத்தில் சொந்தமாகவும் எழுதுவார், பழைய கீர்த்தனைகளையும் எடுத்துப் பாடுவார். 2007இல் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் போன்றவர்களின் பாடல்களைத் தன் போக்கில் பாடி ஓர் ஆல்பம் போட்டார். 2011இல் வந்த ஆல்பத்தின் பெயர் 'வேல்'. முருகன் பாட்டை ராக் மேடைக்கு ஏற்றினார். தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் தூக்குகிற ஊர்க்காரர்களுக்கு அந்தத் தலைப்பை நான் விளக்க வேண்டியதில்லை. மாணவி தன் பாட்டிக்கு முதலில் போட்டுக் காட்ட வேண்டியது இதைத்தான் என்பது என் யோசனை.

நம் நாட்டில் யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' 2006இல் வந்தபோது, சினிமாவை நம்பாமல் தமிழில் பாட்டுப் போட்டு ஊரைத் திருப்பலாம் என்று தெரிந்தது. அது ராப். ஆனால் வரியும் தன்னுடையது, குரலும் தன்னுடையது என்ற துணிச்சல் ராக்கிலும் அதேதான். மலேசிய ஆல்டர்நேட்டிவ் ராக்கில் 1990களில் முன்வந்த பட்டர்ஃபிங்கர்ஸ், ஓ.ஏ.ஜி. குழுக்களும் ஆங்கிலத்தில் தொடங்கி, பிறகு மலாய்க்கு வந்தவை. அலிகேட்ஸ் ஹாங்காங்கிலிருந்து திரும்பி நடந்த பாதைதான் அது. தமிழுக்கு அப்படித் திரும்பி வந்த ராக் குழு ஒன்று பினாங்கில் இன்னும் பெரிதாக எழவில்லை. இடம் காலியாகத்தான் இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அலிகேட்ஸ் பாடிப் புகழ்பெற்ற பாடல்களில் பல மற்றவர்கள் எழுதி, மெட்டமைத்துக் கொடுத்தவை. சிங்கப்பூரில் பிறந்த எம். நாசிர் போன்ற திறமைசாலிகள் பின்னால் இருந்தார்கள். பாட்டின் பாதிப் பெருமை அவர்களுக்குச் சேர வேண்டும். ஆகவே, தானே எழுதித் தானே பாடுகிற இந்த மாணவி அலிகேட்ஸ் போகாத இடத்துக்கும் போக முயல்கிறார். அதை ஊக்கத்துக்காகச் சொல்லவில்லை, உள்ளபடி சொல்கிறேன். கூடவே ஒரு கறாரான ஆலோசனை: எழுதிய ஒவ்வொரு பாட்டிலும் தேதியும் பெயரும் போட்டு வையுங்கள், ஒப்பந்தம் என்று யாராவது தாளை நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நல்ல பாட்டு எழுதியும் உரிமைத்தொகை பார்க்காமல் போன கலைஞர்கள் எல்லா மொழியிலும் உண்டு.

லோகா 2007 ஜூனில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். மலாய்ப் பத்திரிகைகளும் ஆங்கிலப் பத்திரிகைகளும் வீட்டு மனிதரை இழந்தது போல எழுதின. டேவிட் ஆறுமுகம், டத்தோ பட்டம் பெற்றவர், தம்பி இல்லாமலும் அலிகேட்ஸ் பெயரை மேடையில் வைத்துக்கொண்டிருந்தார். தம்பியின் பகுதியை யார் பாடினாலும் கூட்டத்துக்கு லோகா குரல்தான் கேட்கும்.

பால் அகஸ்டினும் ஜேம்ஸ் லாக்ஹெட்டும் சேர்ந்து பினாங்கின் வெகுஜன இசை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார்கள். நூல் 2015இல் வந்தது. பினாங்கு தீவு ஜாஸ் விழாவை 2004இல் தொடங்கியவர் இந்த அகஸ்டின்தான். படங்களும் விளம்பரத் தாள்களும் நேர்காணல்களுமாக அருமையான வேலை. ஆனால் 1930களில் தொடங்கும் அந்த நூல் 1960களோடு நின்றுவிடுகிறது. அதாவது ஆறுமுகம் சகோதரர்கள் கித்தார் எடுக்கிற இடத்தில். அதன் பிறகு வந்த பேண்டுகளில் டிரம்ஸ் அடித்த, பேஸ் வாசித்த, ஒலிபெருக்கி தூக்கிய தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியிருப்பார்கள். சில வீடுகளில் அவர்கள் படம் மட்டும்தான் இருக்கும்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். 1960களிலும் 70களிலும் 80களிலும் பினாங்கு பேண்டுகளில் வாசித்த தமிழர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அலமாரியைத் திறந்து பாருங்கள். மேடைப் படம், ஓட்டல் விளம்பரத் தாள், கேசட், இசைத்தட்டு உறை, கையால் எழுதிய பாட்டு நோட்டு, எதுவானாலும் எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு அசலை உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம். படமாக இருந்தால் பின்பக்கம் இடமிருந்து வலமாகப் பெயர்களையும், தெரிந்தால் ஆண்டையும் பென்சிலில் எழுதுங்கள். பேனாவில் எழுத வேண்டாம், மை ஊறி முன்பக்கம் தெரியும்.

அன்புடன்,
ஆசிரியர்