கம்பியை அறுக்கு முன்

வீட்டுக்கு வரும் கேபிளை நிறுத்திவிட்டு, வேண்டிய சானலுக்கு மட்டும் இணையத்தில் தனித்தனியே சந்தா கட்டிப் பார்ப்பதே அறிவுடைமை என்று நம் மாணவ நண்பர்கள் பலர் பேசக் கேட்கிறோம். திருப்பதியில் வாழும் தமிழருக்கு இக்கூற்று மற்றவரைவிட இருமடங்கு இனிக்கும். அதற்குக் காரணம் உண்டு.

ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு, திருத்தணி 1960-இல் தமிழகத்தோடு சேர்ந்ததும் தெரியாது, திருப்பதி ஆந்திரத்தில் நின்றதும் தெரியாது. அதன் அலை அங்கும் விழுகிறது. புத்தூரிலும் நகரியிலும் ஏழுமலையிலும் அவ்வாறே விழுகிறது. எல்லைக்கோட்டை வரைவது விண்கோள் அன்று, கட்டணத் தொகுப்பு! எங்கள் தெருக் கேபிள்காரரிடம் தமிழ்ச் சானல் கேட்டேன். “தமிழ் பேக் வேறே சார், அதுக்குத் தனியாக் கட்டணும்” என்றார். கட்டினோம். கேட்டதில் பாதி வந்தது. மீதிக்குப் பதில் வந்தது. நகரியிலும் சத்தியவேட்டிலும் குப்பத்திலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் உள்ளன. தாய்மொழி அவர்களுக்கு உபரிச் சரக்காக விற்கப்படுவது முறைதானா?

கணக்கையும் பார்ப்போம். 2019 பிப்ரவரியில் டிராய் புதிய கட்டண முறையைக் கொண்டுவந்தது. முதல் 100 சானல்களுக்குக் கொண்டுசேர்க்கும் கூலியாக 130 ரூபாய். 18 விழுக்காடு வரியோடு 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சானலின் விலை அதற்கு மேல். வேண்டியதற்கு மட்டும் காசு கொடுக்கலாம் என்றார்கள். ஒன்றும் பார்க்காமலே நூற்றைம்பது கொடுக்க வேண்டியதாயிற்று. 2024 ஜூலையில் அந்தக் கூலிக்கு இருந்த உச்சவரம்பும் நீக்கப்பட்டது. எளியோர் வீட்டுத் தொலைக்காட்சி அரசுகளுக்கே ஒரு பொறுப்பாகத் தோன்றியதும் உண்டு. தமிழக அரசு 2011-இல் மாதம் 70 ரூபாய்க்குக் கேபிள் தந்தது. ஆந்திர அரசு 2017 டிசம்பரில் ஃபைபர்நெட்டைத் தொடங்கி, இணையம், தொலைபேசி, தொலைக்காட்சி மூன்றையும் 149 ரூபாய்க்குத் தர முன்வந்தது.

இந்நிலையில் இணையவழிச் சந்தா வந்தது. 2017-இல் சன் நெக்ஸ்ட் வந்தது. 2020-இல் தெலுங்கில் பிறந்த ஆஹா 2022-இல் தமிழும் பேசத் தொடங்கியது. குப்பத்தில் இருந்தால் என்ன, காளத்தியில் இருந்தால் என்ன, ஒரே விலை, ஒரே தமிழ். ‘பேக் வேறே’ என்று சொல்ல நடுவில் ஆள் இல்லை. பிடிக்கவில்லையெனில் அடுத்த மாதம் நிறுத்தலாம். இதை வரவேற்காதிருக்க முடியுமா? நானும் வரவேற்கிறேன்.

ஆனால், பழைய தொகுப்பு செத்துவிட்டது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். 2023-இல் ஐ.பி.எல். ஆட்டங்களை ஜியோசினிமா இலவசமாகக் காட்டியது. 2025 பிப்ரவரியில் அது ஹாட்ஸ்டாரோடு கலந்து ஜியோஹாட்ஸ்டார் ஆயிற்று. பிறகு முழு ஆட்டம் காணச் சந்தா கேட்டது. பிரைம் வீடியோ 2025 ஜூனில் விளம்பரத்தை நுழைத்தது. விளம்பரம் வேண்டாமென்றால் மாதம் 129 ரூபாய் கூடுதல். விளம்பரத்துக்கு அஞ்சிக் கேபிளைத் துறந்தவர்கள் இப்போது விளம்பரத்தை விலக்கக் கப்பம் கட்டுகிறார்கள்!

விஞ்ஞானம் பயில்பவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒளிபரப்பு கோயில் மணி போன்றது. பத்துப் பேர் கேட்டாலும் பதினாயிரம் பேர் கேட்டாலும் அடிப்பவனுக்கு உழைப்பு ஒன்றே. இணையவழிப் படமோ பந்தி பரிமாறுவது. இலைக்கு இலை தனியே போட வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தனிப்படி அனுப்பப்படுகிறது. அதைச் சுமந்து வரும் செலவு யாருடையது? நம்முடைய டேட்டா. தெளிவுமிக்க படம் ஒரு மணி நேரம் ஓடினால் 3 ஜி.பி. வரை விழுங்கும். நாளுக்கு 1.5 ஜி.பி. ரீசார்ஜ் செய்து, நான்கு பேர் ஓர் அறையில் வாழும் நமக்கு அரைமணியில் கதை முடிந்தது. சந்தாத் தொகையை மட்டும் கேபிள் கட்டணத்தோடு ஒப்பிடுபவர் இந்தச் சுமைகூலியை மறந்துவிடுகிறார்.

இவையெல்லாம் பணக்கணக்கு. எனக்கு உள்ளபடியே உறுத்துவது வேறு. சம்பாதிக்கத் தொடங்கிய பிள்ளை வீட்டில் முதலில் வெட்டுவது கேபிளைத்தான். அவனிடம் கைபேசி உண்டு, கடவுச்சொல் உண்டு. அம்மாவிடம் என்ன உண்டு? ரிமோட்டில் எண்ணை அமுக்கினால் செய்தியும் தொடரும் பாட்டும் வந்துகொண்டிருந்தன. இப்போது ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும் திரை, ஓ.டி.பி.யோ மகன் கைபேசிக்குப் போகும், மகனோ பெங்களூரில். தெலுங்கு பேசும் தெருவில் பகலெல்லாம் தனித்திருக்கும் தமிழ்த்தாய்க்கு அந்தப் பெட்டி வெறும் பொழுதுபோக்கு அன்று, பேச்சுத்துணை. அதை அவளிடம் கேளாமலே நிறுத்த நமக்கு யார் உரிமை தந்தது?

ஆகவே நண்பர்களே, அறையில் இருக்கும் நாம் மாதச் சந்தாவாகவே கட்டுவோம். ஆண்டுச் சந்தாவின் தள்ளுபடிக்கு மயங்க வேண்டாம். பார்க்க வேண்டியது இருக்கும் மாதம் கட்டி, இல்லாத மாதம் விட்டுவிடலாம். வீட்டுக் கேபிளைப் பற்றி அம்மாவிடம் கேட்டபின் முடிவு செய்வோம். செலவு தாளவில்லை, நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், தூர்தர்ஷன் 2004 முதல் நடத்தும் இலவச டிஷ் இருக்கிறது. தட்டும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும், மாதக் கட்டணம் கிடையாது. டிடி தமிழ் அதில் வருகிறது. அடுத்த விடுமுறைக்கு ஊர் போகும்போது அதை மாடியில் பொருத்திவிட்டு, பிறகு கேபிள்காரருக்குச் சொல்லி அனுப்பலாம்.