பெயரைத் தொலைத்தார் விழாவையும் தொலைப்பார்!



தை பிறக்குமுன்பே நம் ஊர்க் கடைத்தெருக்களில் வாழ்த்துத் தட்டிகள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. ஒன்றில் 'ஆப்பி பொங்கல்' என்றிருக்கும். அடுத்ததில் 'மகர சங்கராந்தி' என்றிருக்கும். கரும்பு நம்முடையது, மஞ்சள் நம்முடையது, பானையும் அரிசியும் நம்முடையவை. வாழ்த்துகின்ற வாய் மட்டும் நம்முடையதாக இல்லை! 'பெயரில் என்ன இருக்கிறது? விழா நடந்தாற் போதாதா?' என்று கேட்பார் நம்மிடையே பலர் உளர். அவர்க்கு விடை கூறுவது நம் கடன்.

பனிக்காலத்தில் விழா எடுப்பது தமிழர்க்கு மட்டுமே உரிய வழக்கமன்று. நிலவுலகின் வடபாதியில் திசம்பர் 21 அல்லது 22-ஆம் நாளில் பகல் மிகச் சுருங்கிப் பின்னர்ச் சிறிது சிறிதாக வளர்கின்றது. குளிரையும் இருளையும் தாங்கி நின்ற மாந்தர் அவ்வொளியின் மீட்சியைத் தத்தம் முறையிற் கொண்டாடினர். சீனர் அந்நாளைத் 'தோங்சி' என்பர். தென்சீனத்தார் அரிசிமா உருண்டை சமைத்துச் சுற்றத்தோடு உண்பர். ஈரானியர் ஆண்டின் மிக நீண்ட இரவில் விழித்திருந்து, மாதுளையைப் பகிர்ந்துண்டு, தம் பாவலர் ஆபீசின் பாக்களைப் படிப்பர். யூதர் இக்காலத்தையொட்டி எட்டு நாள் விளக்கேற்றுவர்.

இனி, நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்திக்கு வருவோம். கிறித்து பிறந்த நாள் எதுவென விவிலியம் கூறவில்லை. திசம்பர் 25-ஆம் நாளை அவர் பிறந்த நாளாகக் கொண்டமைக்கு உரோமையிற் கிடைக்கும் முதற்சான்று 336-ஆம் ஆண்டினது. அந்நெறியை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தழுவிய சுவீடியரும் தேனியரும் நார்வேயரும் அந்நாளையும் ஏற்றனர். ஆனால், அதற்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? 'யூல்'! கிறித்துவம் வருமுன் தம் முன்னோர் பனிக்கால விழாவிற்கு வழங்கிய அதே பெயர்! ஈரானியரைப் பாருங்கள். இசுலாத்தைத் தழுவி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் தம் பழைய நீளிரவு விழாவை விட்டாரல்லர். 'யல்தா' என்னும் வேற்றுமொழிப் பெயர் அதற்கு வழங்கினும், 'நாற்பது' எனப் பொருள்படும் தம் பாரசீகச் சொல்லினின்று பிறந்த 'சில்லே' என்னும் பெயரையும் இன்றளவும் காத்து வருகின்றனர்.

அவர்க்குச் சமயம் மாறிற்று, பெயர் மாறவில்லை. நமக்கோ சமயம் மாறவில்லை, பெயர் மாறிற்று!

சான்று வேண்டுமா? நம் பெண்ணாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தேவாரத்திற் கடந்தை என்றும் தூங்கானைமாடம் என்றும் போற்றப்பெற்ற ஊர் இது. இங்குள்ள இறைவற்கு அப்பர் வழங்கிய பெயர் சுடர்க்கொழுந்து. இன்று ஊரார் வாயில் வழங்குவதோ பிரளயகாலேசுவரர்! அண்டையிலுள்ள திருமுதுகுன்றம் விருத்தாசலமாயிற்று; பழமலைநாதர் விருத்தகிரீசுவரர் ஆனார்; பெரியநாயகி விருத்தாம்பிகை ஆனாள். தில்லையில் மார்கழித் திருவாதிரையும் 'ஆருத்திரா தரிசனம்' ஆயிற்று. களி மட்டுமே இன்னும் களியாக இருக்கின்றது!

வீட்டில் இருந்தார் இழந்த பெயரை வெளியிலிருந்து வந்தார் ஒருவர் எடுத்து ஆண்டார். 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த பெசுகி அடிகளார், விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் கிறித்துவின் அன்னைக்குக் கோயில் எடுத்தார். அவ்வன்னைக்கு அவர் சூட்டிய பெயர் பெரியநாயகி! தைரியநாதர் என வழங்கிய தம் பெயரும் பின்னர் வீரமாமுனிவர் எனத் தமிழாயிற்று. அயலார்க்கு இருந்த உணர்வு நமக்கு வேண்டாவா?

பிறரை இகழ்வது நம் நோக்கமன்று. ஆந்திரர் சங்கராந்தி என்க. அசாமியர் பிகு என்க. பஞ்சாபியர் உலோரி என்க. அஃது அவரவர் உரிமை. அவருள் எவரும் தம் விழாவைப் 'பொங்கல்' என்று அழைக்க முந்துகின்றாரா? இல்லையே! நாம் மட்டும் ஏன் முந்துகின்றோம்?

இதனால் விளையும் இழப்பு சொல்லளவில் நில்லாது. பொங்கு என்னும் வினையிற் பிறந்தது பொங்கல். அப்பெயரில் எச்சமயமும் இல்லை, புராணமும் இல்லை. உழவும் நெல்லும் மாடும் கதிரவனுமே உள. அதனாலன்றோ சிவநெறியாரும் மாலியரும் கிறித்துவரும் இசுலாமியரும் இறைமறுப்பாளரும் ஒரே முற்றத்திற் பானை வைக்க இயல்கின்றது! கிறித்துவக் கோயில் வளாகங்களிலும் பொங்கல் பொங்குவதை நாம் காண்கின்றோமே! இவ்விழாவைச் சங்கராந்தியாக்கிச் சடங்குக்குள் அடைத்தால், தமிழருள் ஒரு பகுதியார் முற்றத்திற்கு வெளியே நிற்பர். எல்லார்க்கும் பொதுவான ஒரு விழா சிலர்க்கு மட்டும் உரியதாய்ச் சுருங்கும். பெயரைத் தொலைத்தார் விழாவையும் தொலைப்பார் என்பது இதனால்தான்.

அரசு காக்கும் என்று காத்திருப்பதிற் பயனில்லை. தை முதல் நாளே தமிழாண்டின் தொடக்கம் என 2008-இல் சட்டம் வந்தது. 2011-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஓர் ஆட்சி கொடுத்ததை மற்றோர் ஆட்சி பறித்துவிடும். வாயில் வழங்கும் சொல்லை எந்த ஆட்சி பறிக்கும்?

13-ஆம் நூற்றாண்டில் இதே பெண்ணாடத்திற் பிறந்த ஒரு குழந்தைக்குப் பெற்றோர் இட்ட பெயர் சுவேதவனப் பெருமாள். அக்குழந்தை வளர்ந்து சிவஞானபோதம் தந்தது. அவரை உலகம் எப்பெயரால் அறிந்துள்ளது? மெய்கண்டார் என்னும் தூய தமிழ்ப் பெயராலன்றோ! இழந்த பெயரை மீட்கவியலும் என்பதற்கு இம்மண்ணே சான்று.

எனவே தமிழீர்! வரும் தை முதல் நாளில் உங்கள் வீட்டு வாயிலில், கடைத்தட்டியில், மடலில், பிள்ளைகளின் நாவில் அயற்பெயர் ஒன்றும் இராதொழிக! பானை பொங்கும்போது உரக்கக் கூவுங்கள்:

பொங்கலோ பொங்கல்!